குண்டு நுழைந்த பக்கம்

அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை நான்காம் தேதி வந்தால் ஸ்டில்வெல் ஊரில் பதின்மூன்று முறை கோப்பையைத் தூக்கிக் குடிப்பார்கள். சுதந்திரத்துக்கு ஒன்று, அரசியல் சட்டத்துக்கு ஒன்று, கென்டக்கி மாநிலத்துக்கு ஒன்று என்று வரிசையாகப் போய்க் கடைசிக் கோப்பை நாட்டின் பெண்களுக்கு. அந்தப் பெண்களில் ஒருத்திக்குக்கூட மேஜையில் இடம் கிடையாது என்பது வேறு விஷயம். பதின்மூன்றும் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் எழுந்து, யாருக்காக வேண்டுமானாலும் கோப்பையைத் தூக்கலாம். அப்படித் தூக்கப்படும் முதல் கோப்பை யாருக்கு என்பதில் மட்டும் ஊரில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

"ஓபெட் லாஸ்லியோட இடது காலுக்கு!"

ஊரே எழுந்து நிற்கும். அந்தக் காலுக்குச் சொந்தக்காரன் மட்டும் உட்கார்ந்தபடி தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். "பாருங்கய்யா, எப்படிக் கூச்சப்படுறான்!" என்று சிரிப்பார்கள். கூச்சம்தான். ஆனால் அவர்கள் நினைத்த கூச்சம் அல்ல.

ஓபெட் பீப்பாய் செய்கிறவன். ஓக் பலகையைச் செதுக்கி, நெருப்புக் காட்டி வளைத்து, இரும்புப் பட்டை அடித்து இறக்கினால் ஒரு சொட்டு விஸ்கி ஒழுகாது. கையில் தொழில் இருந்தது, வீட்டில் நல்ல மனைவி இருந்தாள். சாதாரணமாக வாழ்ந்து, சாதாரணமாகச் சாக வேண்டியவன். பிரிட்டிஷ்காரர்களோடு நடந்த சண்டை அவனை அப்படி விடவில்லை. இடது தொடையில் பட்ட குண்டோடு நொண்டிக்கொண்டு திரும்பி வந்தவனை ஊர் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. தேவாலயத்தில் முன் வரிசை, சாராயக் கடையில் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலி, தெருவில் போனால் தொப்பியைத் தொடும் ஆட்கள். காயத்தைக் காட்டச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அவன் ஒருத்தருக்கும் காட்டியதில்லை. அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஊர் ஒருத்தனை நல்லவன் என்று முடிவு கட்டிவிட்டால், அவன் தும்மினால்கூட அதில் ஒரு நற்குணம் கண்டுபிடிக்கும்.

நடந்தது இதுதான். வடக்கே, பனி கொட்டும் காட்டில், ஓர் ஓடைத் துறையைக் காவல் காக்க ஸ்டில்வெல் படையை நிறுத்தியிருந்தார்கள். படை என்றால் என்ன, எல்லாம் ஊர்க்காரர்கள்தான். உழவர்கள், கொல்லர்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கேப்டனும் ஊர்க்காரர்தான், ஆம்ப்ரோஸ் குவார்ல்ஸ். படைவீரர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கேப்டன். நல்ல உயரம், நல்ல குரல், மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பதில் தாராளம். அது போதாதா?

எதிர்க்கரையிலிருந்து முதல் வெடி வெடித்தது. ஓபெட்டுக்குப் பக்கத்தில் நின்றவன் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தான். அவன் முகத்தின் பாதியைக் காணோம். அடுத்து என்ன செய்தோம் என்று ஓபெட் யோசித்துச் செய்யவில்லை, கால்கள் செய்தன. துப்பாக்கியைப் போட்டுவிட்டு, ஓடைக்கு முதுகைக் காட்டி, காட்டுக்குள் ஓடினான். அப்போதுதான் குண்டு பட்டது.

சார்ஜென்ட் எல்கனா ரட் அவன் விழுவதைப் பார்த்தான். வரிசையை விட்டு வந்து, பனியில் கிடந்தவனை முதுகில் போட்டுக்கொண்டு, சாமான் வண்டிகள் நின்ற இடம் வரை சுமந்தே போனான். வழியெல்லாம் திட்டினான். "செத்துக்கித்துத் தொலைச்சேன்னா, உன் பொண்டாட்டிகிட்ட நான் என்னடா சொல்றது?" என்று திட்டினான். ஓபெட்டுக்கு அந்தத் திட்டு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது.

எதிரிகள் ஏனோ திரும்பிப் போய்விட்டார்கள். கேப்டன் குவார்ல்ஸ் வண்டிகளிடம் வந்தபோது, காலில் கட்டுப் போட்ட ஓபெட்டும், கை முழுக்க ரத்தத்தோடு ரட்டும் இருந்தார்கள்.

"இங்க என்னய்யா பண்றே, சார்ஜென்ட்? அங்க ஆளுங்க சாகுறப்ப நீ வண்டிக்குப் பக்கத்துல குளிர் காயுறியா?"

ரட் ஓபெட்டைப் பார்த்தான். ஓபெட் கண்ணை மூடிக்கொண்டான்.

அவ்வளவுதான். அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டான், அந்த இடைவெளியில் மற்றதையெல்லாம் கேப்டன் கட்டி முடித்தார். லாஸ்லி தனியாளாக ஓடையில் இறங்கிப் பாய்ந்தானாம். அவன் விழுந்ததைச் சாக்காக வைத்து ரட் பின்னால் நழுவினானாம். வீரன் ஒருத்தன் இருந்தால்தான் அவனை வழிநடத்திய கேப்டனும் வீரன் ஆக முடியும். ஊருக்குத் திரும்பும்போது கதை அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கேப்டனாகப் போன குவார்ல்ஸ், யாரும் கொடுக்காமலே கொஞ்ச நாளில் கர்னலும் ஆகிவிட்டார்.

ரட் ஊரிடம் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்தான். சாராயக் கடையில், எல்லார் முன்னாலும். கை கொட்டிச் சிரித்தார்கள். "ஓடினவனுக்கு வேற என்னப்பா சொல்லத் தெரியும்? நொண்டி மேல பழி போடுறான்!" அடுப்பு நாற்காலியில் ஓபெட் உட்கார்ந்திருந்தான். காலை நெருப்புப் பக்கம் நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான். ரட் அவனைப் பார்த்தான். இந்தத் தடவை கண்ணை மூட முடியாது. எனவே ஓபெட் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டான். கோப்பையில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ரட் அந்தக் கடைக்கு வரவே இல்லை.

இப்படியே போயிருந்தால் ஓபெட் அந்த அவமானத்தோடே கிழவனாகிச் செத்திருப்பான். பழகிப்போய்விட்டது. பழகிப்போனதுதான் அதில் கேவலமான பகுதி. ஆனால் ஆயிரத்து எண்ணூற்று இருபத்தெட்டாம் ஆண்டு வந்தது. நாடே இரண்டாகப் பிளந்து நின்றது. ஜனாதிபதி பதவிக்கு நின்ற ஜெனரலின் கட்சி ஒரு பக்கம், பதவியில் இருந்த ஜனாதிபதியின் கட்சி மறு பக்கம். கொல்லன் மற்ற கட்சிக்காரனின் குதிரைக்கு லாடம் அடிக்க மாட்டேன் என்றான். ஒரே தேவாலயத்தில் இரண்டு பக்கமாக உட்கார்ந்து பாடினார்கள். ஆகஸ்டில் மாநிலச் சட்டசபைக்குத் தேர்தல். ஜெனரல் கட்சிக்கு கர்னல் குவார்ல்ஸ் நின்றார். எதிர்த்து நிற்க ஒருத்தரும் முன்வரவில்லை. கடைசியில் எல்கனா ரட் நின்றான்.

ரட்டுக்கு ஆற்றங்கரையில் மாவு மில் இருந்தது. வசந்தத்தில் வெள்ளம் வந்தால் வண்டியும் மாடும் ஆற்றோடு போகும். பாலம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் நின்றான். போன வசந்தத்தில் மனைவி கெசியாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன். வெறும் வீட்டில் உட்கார்ந்திருப்பதற்குத் தேர்தல் மேல் என்று நினைத்தானோ என்னவோ.

பாலத்தைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. தெருவெங்கும் ஒரு துண்டறிக்கை ஒட்டினார்கள். சீருடை போட்ட முயல் ஒன்று வாலைக் காட்டிக்கொண்டு ஓடுகிற படம். கீழே 'சார்ஜென்ட் ரட் போருக்குப் போகிறார்' என்று எழுத்து. ஓபெட்டின் பட்டறைக் கதவிலும் ஒன்று ஒட்டியிருந்தார்கள், அவன் சந்தோஷப்படுவான் என்று. அவன் அதைக் கிழிக்கவில்லை. கிழித்தால் ஏன் என்று கேட்பார்கள். கதவைத் திறந்து மடக்கி, படம் சுவர்ப் பக்கம் போகும்படி வைத்துவிட்டு வேலை செய்தான்.

ஜூலை நான்காம் தேதி விருந்து இந்த முறை கர்னலின் தோப்பில். பள்ளம் தோண்டி, தணலில் முழுப் பன்றிகளைச் சுட்டார்கள். வழக்கமான கோப்பைகள் முடிந்து, காலுக்கும் குடித்து முடித்தார்கள். கர்னல் விடவில்லை.

"நண்பர்களே, இந்த மாவட்டத்துல ரெண்டு ஜோடி கால் பிரபலம். ஒண்ணு முன்னால ஓடுச்சு, ஒண்ணு பின்னால ஓடுச்சு. எந்தக் காலை நீங்க சட்டசபைக்கு அனுப்பப்போறீங்க?"

தோப்பே அதிர்ந்தது. பக்கத்தில் இருந்தவன் ஓபெட்டின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். ஓபெட் தட்டை எடுத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் நழுவினான்.

அங்கே இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தவன் ஐசம். கர்னலின் அடிமை. கேப்டனின் குதிரையைப் பார்த்துக்கொள்ள வடக்கு வரை நடந்து வந்தவன். வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவன். கறுப்பன் வெள்ளைக்காரனைப் பற்றிச் சொல்லும் சாட்சி அந்த மாநிலத்தில் நீதிமன்றப் படி ஏறாது. அதனால் அவன் பார்த்ததை ஒருத்தரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, ஓபெட் உட்பட.

"நல்ல துண்டாப் போடட்டுங்களா ஐயா?"

"போடு."

"காலு இன்னும் வலிக்குதுங்களா?"

"மழை வந்தா வலிக்கும்."

ஐசம் கத்தியைத் துடைத்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "முன்னால வலிக்குங்களா ஐயா, பின்னாலயா?"

ஓபெட்டுக்குக் காது சுட்டது. கோபப்பட்டிருக்கலாம், கர்னலிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஐசத்தின் முதுகுத் தோல் உரிந்திருக்கும். அது ஐசத்துக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டான். அந்தத் தோப்பில் அன்று தைரியம் என்று ஒன்று இருந்ததென்றால் அது பள்ளத்து ஓரத்தில்தான் இருந்தது. ஓபெட் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

தேர்தல் நாள் காலையில் மனைவி டேபிதா அவனுடைய நல்ல கோட்டைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் ரட்டுக்குத்தான் ஓட்டுச் சொல்லப்போறேன்," என்றான் ஓபெட். பெரிய காரியம் செய்கிறவன் போலத்தான் சொன்னான்.

"அது போதுமா?"

"என்ன போதுமா?"

கோபப்பட்டால்தான் டேபிதா அவனை முழு மரியாதையோடு கூப்பிடுவாள். "மிஸ்டர் லாஸ்லி, எங்கப்பா வேட்டைக்காரர். அவர் கொண்டுவர்ற மானை உரிச்சு உரிச்சு வளந்தவ நான். குண்டு நுழைஞ்ச ஓட்டை எது, வெளிய வந்த ஓட்டை எதுன்னு எனக்குத் தெரியாதா? உங்க காயத்துக் கட்டை அவிழ்த்த அன்னைக்கே தெரியும்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." கோட்டை அவன் கையில் திணித்தாள். "பயத்துல ஓடுறது ஒரு நிமிஷம். அதை நான் தப்புன்னே சொல்லமாட்டேன். அதுக்கப்புறம் தினம் தினம் முன் வரிசையில போய் உக்காந்தீங்களே. பக்கத்துல நானும் வந்து உக்காந்தேன். கேட்டா எனக்கும் வெக்கம்தான்."

நீதிமன்றப் படிகளுக்கு மேலே மேஜை போட்டிருந்தார்கள். கென்டக்கியில் அப்போது ஓட்டு என்றால் வாயால் சொல்வதுதான். மேஜைக்குப் போய், ஷெரீப் கேட்டால், ஊர் முழுக்கக் கேட்கும்படி பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு வேட்பாளர்களும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். தன் பெயரைச் சொன்னவனுக்கு எழுந்து தலை வணங்கி நன்றி சொல்வது மரியாதை. சொன்னவனுக்குக் கீழே கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும், கெட்ட வார்த்தையும் கிடைக்கும். கர்னல் பக்கத்து மரத்தடியில் விஸ்கிப் பீப்பாய் திறந்திருந்தது. ஓபெட் செய்த பீப்பாய்தான்.

அவன் படியேறியதும் கூட்டம் அடங்கியது. வீரனின் வாயிலிருந்து வரும் ஓட்டு அல்லவா?

"பேரு?" என்றார் ஷெரீப், தெரியாதவர் போல.

"ஓபெட் லாஸ்லி."

"யாருக்கு?"

"எல்கனா ரட்டுக்கு."

ரட் மெதுவாக எழுந்தான். "நன்றி, மிஸ்டர் லாஸ்லி," என்றான். எல்லாருக்கும் சொன்ன அதே குரல், அதே தலை வணக்கம்.

ஓபெட்டுக்கு நெஞ்சு லேசானது. முடிந்துவிட்டது, செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று நினைத்தான். கர்னலை எடைபோடத் தெரியாதவன்.

கர்னல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, எப்படித்தான் வரவழைத்தாரோ.

"பாத்தீங்களாய்யா? தன்னைக் குண்டு மழையில விட்டுட்டு ஓடினவனுக்கு ஓட்டுப் போடுறான்! இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? இதுதான் ஸ்டில்வெல் வீரன்! என் படையாளு!"

கூட்டம் தொப்பிகளைத் தூக்கி எறிந்தது. "ஓபெட்டுக்கு ஜே! காலுக்கு ஜே!" யாரோ ரட்டைப் பார்த்துக் கத்தினான்: "ஏய் முயலு! பிச்சை போட்டிருக்கான், பொறுக்கிக்கோ!"

ரட் உட்கார்ந்துவிட்டான். காது வரை சிவந்திருந்தது. மேஜையில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பனியில் ஓபெட்டைச் சுமந்த கைகள். ஓபெட் அதைப் பார்த்தான். உண்மையைச் சொல்லாமலே நல்லவனாக முயன்றதில் அவன் இன்னும் ஒரு படி உயர்ந்திருந்தான், ரட் இன்னும் ஒரு படி இறங்கியிருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நிறுத்துங்கய்யா," என்றான். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. "நிறுத்துங்க! ஓடினது நான்!"

சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். "அடக்கத்தைப் பாரு!"

"என் ஆளுங்க எல்லாரும் இப்படித்தான். தன்னைப் பத்திப் பேசவே தெரியாது," என்றார் கர்னல். அருகில் வந்து ஓபெட்டின் தோளில் கைபோட்டு, காதோடு சொன்னார்: "போதும், வீட்டுக்குப் போ. முட்டாள்தனம் பண்ணாதே."

ஓபெட் அந்தக் கையைத் தட்டிவிட்டான். கோட்டைக் கழற்றினான். தோள்பட்டை வாரை இறக்கினான். கால்சட்டைப் பொத்தானில் கை வைத்ததும் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். டேபிதா மட்டும் திரும்பவில்லை. நடு வெயிலில், நீதிமன்றப் படியில், சட்டை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓபெட் லாஸ்லி நின்றான். தொடையின் முன்பக்கம் கையளவு கிழிந்து மூடிய தழும்பு.

"ஜெப்தா! நீ வாய்யா. நீ வந்து பாரு."

ஜெப்தா கோம்ஸ் மாவட்டத்திலேயே வயதான வேட்டைக்காரர். கர்னலின் கட்சி, அதுவும் வெறியர். முனகிக்கொண்டே படியேறினார். குனிந்து பார்த்தார்.

"திரும்பு."

ஓபெட் திரும்பினான். கிழவர் பின்பக்கத் தழும்பில் விரலை வைத்தார். சின்ன வட்டம், விரல் நுனிக்குள் அடங்கிவிட்டது. அவருடைய முகம் மாறியது.

"பின்னாலேருந்து நுழைஞ்சிருக்கு," என்றார். பொய் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசைதான், ஆனால் குண்டுக் காயத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவர் வாய்க்கு வரவில்லை. "ஓடுற மானைச் சுட்டா இப்படித்தான் இருக்கும்."

கீழே நின்றவர்களில் மான் சுடாதவன் எவனும் இல்லை. ஒருத்தருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சண்டைன்னா ஆளு அப்படி இப்படித் திரும்பத்தான் செய்வான்," என்றார் கர்னல். குரல் பழைய குரல் இல்லை.

"நான் திரும்பல, கர்னல். ஓடினேன். துப்பாக்கியைப் போட்டுட்டு ஓடினேன். ரட்தான் என்னைத் தூக்கிட்டு வந்தான். நீங்க வண்டிகிட்ட வந்து அவனைக் கேட்டப்ப எனக்கு நெனவு இருந்துச்சு. முழு நெனவோட கண்ணை மூடிக்கிட்டேன்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. சிலர் தரையைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் அந்தக் காலுக்காகக் குடித்தவர்கள் அல்லவா, அவர்களுக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ரட் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அடிப்பான் என்று ஓபெட் நினைத்தான். அடிக்கட்டும் என்றும் நினைத்தான். ஒருவேளை கையைப் பிடித்துக் குலுக்குவானோ என்று ஒரு நப்பாசையும், வெட்கமில்லாமல், உள்ளே எங்கோ எட்டிப் பார்த்தது.

ரட் அவனுக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

"கெசியாகிட்ட நடந்ததைச் சொன்னேன், ஓபெட். ஊரு நம்பாட்டிப் போகுது, அவ நம்பினாப் போதும்னு சொன்னேன். அவ என்ன கேட்டா தெரியுமா? 'அப்படின்னா ஓபெட் ஏன் சும்மா இருக்காரு, அவரு நல்ல மனுஷனாச்சே'ன்னு கேட்டா. சாகுற வரைக்கும் என்னை நம்பல."

"எல்கனா..."

"பொத்தானைப் போடு. எல்லாரும் பாக்குறாங்க."

ரட் திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஷெரீப் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆள் படியேறி, ஓபெட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு மேஜைக்குப் போனான். ஓபெட் பொத்தானைப் போடப் பார்த்தான், துளையில் ஏறவில்லை. கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலிலேயே நின்றான்.